பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள்



இந்த மாத இதழ் கணினிப் பார்வைக்கென்றே ஒதுக்கப்பட்டது. படத்தைக் காட்டினால் அதில் இருப்பது என்ன என்று இயந்திரம் சொல்லும்படி செய்கிற ஆராய்ச்சி அது. தபால் உறையில் கையால் எழுதிய எண்ணைப் படித்த அந்தத் துறை, இன்று இலையில் விழுந்த நோயைச் சொல்வது வரை வந்துவிட்டது. விரிவான கட்டுரைகள் உள்ளே இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பயன்பாட்டைப் பற்றி மட்டும் உங்களோடு பேச நினைக்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களின் விழித்திரையைப் படம் பிடித்து, அதில் பாதிப்பு இருக்கிறதா என்று இயந்திரத்தைக் கொண்டு கண்டுபிடிக்கும் வேலை அது. மதுரைக்கும் சென்னைக்கும் அதில் நேரடிப் பங்கு உண்டு. நம்மில் பலருடைய வீட்டுக்கும் தேவையான விஷயமும் கூட.

அண்மையில் ஒரு சிற்றூரில் கண் பரிசோதனை மையம் ஒன்றில் நின்று இந்த வேலையைப் பார்த்தேன். சின்ன அறை. சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். கேமராவுக்கு முன்னால் ஒரு பாட்டி. எதிரே இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண். “பாட்டி, தாடைய இதுல வைங்க. நெத்திய நல்லா முன்னாடி அழுத்திக்குங்க. உள்ள ஒரு பச்சை வெளிச்சம் தெரியுதா? அதையே பாருங்க. இமைக்காதீங்க.” பளிச்சென்று ஒரு ஒளி. பாட்டி திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் அந்தப் பெண், “ஓரத்துல இமை நிழல் விழுந்திருக்கு. இன்னொரு தடவை எடுத்துருவோம் பாட்டி” என்றார். எனக்கு அந்த நிழல் தெரியவேயில்லை. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் படத்தின் மேல் விளிம்பு லேசாக மங்கியிருந்ததைக் கவனித்தேன்.

இரண்டாவது படம் தெளிவாக வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம். ஒரு பக்கத்தில் வெளிர்மஞ்சளாக ஒரு தட்டு; பார்வை நரம்பு மூளைக்குப் புறப்படும் இடம் அது. அங்கிருந்து ரத்தக் குழாய்கள் மேலும் கீழுமாகக் கிளை பிரிந்து போகின்றன. நடுவில் சற்றே இருண்ட ஒரு பகுதி. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சின்ன இடத்தின் வேலை. உடலைக் கீறாமல், ஊசி குத்தாமல், ரத்தக் குழாய்களை உள்ளபடியே நேரில் பார்க்க முடிகிற இடம் கண்தான். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைச் செய்த நாளிலிருந்து மருத்துவர்கள் இந்த வாசல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாக இருந்தால் இந்த நுண்குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. முதலில் அங்கங்கே சிறு புடைப்புகள் எழும். படத்தில் அவை ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். பிறகு ரத்தக் கசிவு. கொழுப்பு படிந்த மஞ்சள் திட்டுகள். முற்றிய நிலையில், ரத்தம் போதாத விழித்திரை தானே புதிய குழாய்களை முளைக்க வைக்கிறது. வலுவற்ற அந்தக் குழாய்கள் உடைந்தால் கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டிப் பார்வை போய்விடும். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் இதைப் பெரிதும் தடுக்கின்றன. ஆனால் அவை இருக்கும் பார்வையைக் காப்பாற்றும். போனதை முழுவதும் மீட்டுத் தருவது அரிது. இந்த நோயின் கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் வலி கிடையாது, மங்கல் கிடையாது, ஒன்றும் தெரியாது. அந்தப் பாட்டியும் “எனக்குத்தான் ஊசியில நூல் கோக்க முடியுதே, எதுக்கும்மா இதெல்லாம்?” என்றுதான் கேட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்மவர்கள் சொன்னது இந்த நோய்க்கு அப்படியே பொருந்தும்.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட ஆய்வு அது. இத்தனை பேருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். விழித்திரை நிபுணர்கள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் சிகிச்சையை எல்லாம் விட்டுவிட்டு நாள் முழுக்கப் படம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கு தீராது. பார்க்கப்படும் படங்களில் பெரும்பாலானவை நோயில்லாதவையாகவும் இருக்கும்.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர். அவர் கண்ட வழி எளிமையானது: மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்யட்டும், மற்ற எல்லாவற்றையும் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் செய்யட்டும். பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டாண்டு பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கு வரை அந்த மருத்துவமனையைத் தாங்கி நிற்பது அவர்கள்தான். பிறகு சிற்றூர்களில் பார்வை மையங்கள் வந்தன. அங்கே எடுத்த தகவல் இணையம் வழியாக நகரத்து மருத்துவரிடம் போகும். இணையக் கம்பி எட்டாத ஊர்களை இணைக்க, தேனிப் பக்கம் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை அமைத்துக் கொடுத்தார்கள். ஆக, இயந்திரம் வருவதற்கு முன்பே அதற்கான பாதையை இங்கே மனிதர்கள் போட்டு வைத்திருந்தார்கள். பாதை இல்லாத ஊரில் இதே இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இயந்திரம் பார்க்கக் கற்ற கதை நீண்டது. எனக்குப் பிடித்த சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

1958-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு இளைஞர்கள் பூனையின் மூளையில் நுண்மின்முனையைச் செருகி, ஒற்றை நரம்பணு எதைப் பார்த்தால் துடிக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் கரும்புள்ளி வைத்துக் காட்டினார்கள். நரம்பணு அசையவில்லை. பல மணி நேரம் போனது. தகட்டை மாற்றிச் செருகியபோது திடீரென்று நரம்பணு படபடவென்று துடித்தது. புள்ளி அதற்குப் பொருட்டாக இருக்கவில்லை. தகட்டின் விளிம்பு திரையில் விழுத்திய மெல்லிய நிழற்கோடு, ஒரு குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தபோதுதான் அது விழித்துக்கொண்டது. மூளை காட்சியை முழுதாக விழுங்குவதில்லை, கோடு கோடாகப் பிரித்து வாங்குகிறது என்பது அங்கே புலப்பட்டது. 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பை மாதிரியாகக் கொண்டு 1980-இல் டோக்கியோவில் குனிஹிகோ ஃபுகுஷிமா ஓர் அடுக்கு வலையமைப்பை வடிவமைத்தார். கீழடுக்கு கோடுகளைப் பிடிக்கும். மேலடுக்கு அவற்றைச் சேர்த்து வளைவையும் மூலையையும் பிடிக்கும். அதற்கும் மேலே எழுத்தே உருவாகும்.

இடையில் 1966-இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சீமோர் பாப்பர்ட் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். கோடை விடுமுறையில் மாணவர்களை வைத்துக்கொண்டு கணினிக்குப் பார்வை அமைப்பின் கணிசமான பகுதியைச் செய்துவிடுவது என்று திட்டம். அந்த வேலை அரை நூற்றாண்டு எடுத்தது. சதுரங்கம் ஆடக் கணினி சீக்கிரமே கற்றுவிட்டது. ஒரு வயதுக் குழந்தை அம்மாவின் முகத்தைக் கூட்டத்தில் கண்டுகொள்வதைக் கற்கத்தான் முடியவில்லை. நாம் சிரமமில்லாமல் செய்வதை எல்லாம் எளிய வேலை என்று நினைத்துவிடுகிறோம். அரிசியில் கல் பொறுக்கும் கையிடம் போய், எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பதிலாகச் சொல்ல விதி ஏதும் அதனிடம் இருக்காது.

விதி சொல்ல முடியாது, உதாரணம் காட்ட முடியும். திருப்புமுனை அதில்தான் வந்தது. 1989-இல் பெல் ஆய்வகத்தில் யான் லெகுன் குழுவினர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ தபால் நிலையத்துக்கு வந்த உறைகளிலிருந்து கையெழுத்து எண்களை எடுத்தார்கள். ஏழு என்றால் இப்படி இருக்கும் என்று விதி எழுதவில்லை. ஆயிரக்கணக்கான எண்களைக் காட்டினார்கள். வலையமைப்பு ஒரு பதில் சொல்லும். தவறென்றால், தவறு எவ்வளவு என்ற கணக்கு மேலிருந்து கீழாக ஒவ்வொரு அடுக்குக்கும் திரும்பப் போகும். உள்ளே இருக்கும் எண்கள் தவறு குறையும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சம் நகரும். மறுபடி ஒரு படம், மறுபடி ஒரு திருத்தம். கற்பது என்றால் இயந்திரத்தைப் பொறுத்தவரை இதுதான். பின்னாளில் அமெரிக்க வங்கிகளில் காசோலைத் தொகையைப் படித்தது இந்த வழியில் வந்த இயந்திரமே.

அடுத்த பாய்ச்சலுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. ஃபேய்-ஃபேய் லீ என்ற ஆய்வாளர் இமேஜ்நெட் என்ற பெயரில் பெரும் படத்தொகுப்பைத் திரட்டினார். 2009-இல் கணினிப் பார்வைக்கான உலக மாநாட்டில் அதை முன்வைத்தார். படங்களைப் பார்த்து இது நாய், இது படகு, இது குடை என்று பெயர் குறித்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49 ஆயிரம் பேர். இணையம் வழியாகச் சில்லறைக் கூலிக்கு வேலை செய்தவர்கள். 2012-இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும் அந்தத் தொகுப்பைக் கொண்டு, வீடியோ விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகளில் தங்கள் வலையமைப்பைப் பழக்கினார்கள். அந்த ஆண்டுப் போட்டியில் அடுத்து வந்தவரின் பிழை 26.2 சதவீதம். இவர்களுடையது 15.3. அன்றோடு துறையே திசை மாறியது. ஹின்டனுக்கு 2024-இல் இயற்பியல் நோபலில் பங்கும் கிடைத்தது. பெயர் குறித்த அந்த 49 ஆயிரம் பேரில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் பார்த்துச் சொல்லாமல் இந்த இயந்திரம் எதையும் பார்த்திருக்காது.

விழித்திரைக்கு வருவோம். 2016 இறுதியில் கூகுள் ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயந்திரத்தைப் பழக்கிய படங்கள் 1,28,175. அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை. 54 கண் மருத்துவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தையும் மூன்றிலிருந்து ஏழு முறை வரை வெவ்வேறு ஆட்களாகப் பார்த்து, நோய் எந்த அளவு என்று குறித்தார்கள். ஏன் இத்தனை முறை என்றால், தேர்ந்த மருத்துவர்களே ஒரே படத்தில் ஒத்துப்போவதில்லை. ஒரே மருத்துவர், அதே படத்தை வேறொரு நாளில் வேறு மாதிரி மதிப்பிடுவதும் உண்டு. கருத்து வேறுபட்ட படங்களை விழித்திரை நிபுணர்கள் சேர்ந்து விவாதித்து முடிவுக்கு வந்தால், அப்படிப்பட்ட குறைந்த எண்ணிக்கைப் படங்களே இயந்திரத்தை மேலும் கூர்மையாக்குகின்றன என்று அதே குழு பின்னர் காட்டியது. விவாதித்து எட்டிய முடிவுக்கு அவ்வளவு மதிப்பு.

அந்தக் கட்டுரையில் இருக்கும் எண்கள் சிலவற்றைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். இயந்திரம் ‘நோய் இருக்கிறது, இல்லை’ என்று நேராகச் சொல்வதில்லை. சாத்தியம் இவ்வளவு என்று ஒரு மதிப்பைத் தருகிறது. எந்த மதிப்புக்கு மேல் போனால் மருத்துவரிடம் அனுப்புவது என்ற கோட்டை மனிதர்கள் போட வேண்டும். கட்டுரையில் இரண்டு கோடுகள் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றில், நோயுள்ளவர்களில் 97.5 சதவீதம் பேரைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 93.4 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. மற்றொன்றில் முறையே 90.3, 98.1. ஒரு ஊரில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆயிரம் பேர், அவர்களில் நூறு பேருக்கு விழித்திரைப் பாதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோட்டைப் போட்டால் இரண்டு மூன்று பேர் மட்டுமே தப்பிப் போவார்கள், ஆனால் நோயில்லாத அறுபது பேர் வேலையைக் கெடுத்துக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். இரண்டாவது கோட்டைப் போட்டால் வீண் அலைச்சல் பதினேழு பேருக்குத்தான். பிடிபடாமல் போகிற நோயாளிகளோ பத்துப் பேர். எது நல்லது? கணினி இதற்குப் பதில் சொல்லாது. பஸ் வசதி எப்படி, ஒரு நாள் கூலி போனால் அந்த வீடு தாங்குமா, அடுத்த ஆண்டும் அவர்கள் பரிசோதனைக்கு வருவார்களா என்பதையெல்லாம் தெரிந்தவர்கள்தான் அந்தக் கோட்டைப் போட வேண்டும். அலைச்சலைவிடக் கண் பெரிது என்று நான் நினைப்பேன். ஆனால் அந்த முடிவை எடுக்கும் மேசையில் ஊர்க்காரர் ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சேகரித்து வைத்த படங்களில் ஜெயிப்பது ஒன்று, வாசலில் வந்து நிற்கும் நோயாளியிடம் ஜெயிப்பது வேறு. அதையும் சோதித்துப் பார்த்தார்கள், நம் ஊரிலேயே. அரவிந்த், சங்கர நேத்ராலயா இரண்டிலுமாக 3,049 நோயாளிகள். 2019-இல் முடிவு வெளியானது. நோயுள்ளவர்களை அரவிந்தில் 88.9 சதவீதமும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதமும் இயந்திரம் சரியாகக் கண்டது. பழைய எண்ணைவிடக் குறைவுதான். ஆனால் அங்கேயே படம் பார்த்துப் பழகிய மனிதர்களுக்கு இணையாகவோ ஒரு படி மேலாகவோ இருந்தது. எனக்கு 97.5-ஐவிட இந்த 88.9-இன் மேல் நம்பிக்கை அதிகம். வெயிலில் வரிசையில் நின்று உள்ளே வந்த மனிதர்களின் கண்ணிலிருந்து கிடைத்த எண் அது.

இந்த இயந்திரங்கள் நாம் பார்க்காததையும் பார்க்கின்றன. 2018-இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள், விழித்திரைப் படத்தை மட்டும் கொண்டு அந்த மனிதரின் வயதைச் சராசரியாக மூன்றே கால் ஆண்டு வித்தியாசத்தில் சொல்ல முடிகிறது என்று காட்டினார்கள். ஆணா பெண்ணா என்பதையும் மிகத் துல்லியமாகச் சொன்னது. எந்தக் கண் மருத்துவரும் படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறது என்பதும் முழுதாக விளங்கவில்லை. வியப்பான விஷயம்தான். கூடவே எச்சரிக்கையும் வேண்டும். அதே ஆண்டில் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய இயந்திரத்தை ஆராய்ந்த வேறொரு குழு, அது நுரையீரலோடு சேர்த்து, படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையும் படித்திருந்தது என்று கண்டுபிடித்தது. எக்ஸ்ரே எடுப்பவர்கள் படத்தின் மூலையில் வைக்கும் சின்ன உலோக அடையாளம்கூட அதற்குத் துப்பாகியிருந்தது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா நோயாளிகள் அதிகம். ஆகவே அந்த அடையாளம் தெரிந்தால் நிமோனியா என்று சொல்லிவிட்டால் பாதி விடை சரியாகிவிடும். வேறு மருத்துவமனைக்குப் போனதும் திறமை குறைந்துபோனது. விடை சரி என்பதாலேயே வழியும் சரி என்று நம்பிவிடக் கூடாது என்று ஆராய்ச்சி மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதனால்தான்.

விழித்திரைக் கருவி தாய்லாந்துக்குப் போனபோது வேறு பாடம் கிடைத்தது. பாதும் தானி, சியாங் மாய் பகுதிகளில் 11 மருத்துவ நிலையங்களில் இந்தக் கருவி வைக்கப்பட்டது. அதுவரை செவிலியர்கள் படம் எடுத்து அனுப்பினால், நிபுணரின் பதில் வரப் பத்து வாரம்கூட ஆகும். இனிப் பத்து நிமிடம் என்றார்கள். கண் மணி நன்றாக விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். பல இடங்களில் அப்படி ஓர் அறையே இல்லை. படம் மங்கலாக இருந்தால் மதிப்பிட மாட்டேன் என்று இயந்திரம் திருப்பிவிடும். ஐந்தில் ஒரு படம் அப்படித் திரும்பியது. அவற்றில் சிலவற்றைச் செவிலியர்கள் தாங்களே பார்த்துச் சொல்லியிருக்க முடியும். ஆனால் விதிப்படி அந்த நோயாளியை இன்னொரு நாள் வேறு ஊரில் நிபுணரிடம் போகச் சொல்ல வேண்டியிருந்தது. இணையமும் அடிக்கடி தடுமாறியது. இவை அத்தனையையும் செவிலியர்களோடு கூடவே இருந்து பார்த்து எமா பீடி குழுவினர் 2020-இல் மறைக்காமல் எழுதினார்கள். வெற்றியை எழுதுவதைவிட இதை எழுத நேர்மை அதிகம் வேண்டும். அந்தக் கட்டுரையை இந்தத் துறையில் வந்த மிக நல்ல கட்டுரைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். குறைகளைத் தெரிந்துகொண்ட பிறகு வேலை மேம்பட்டது. 2022-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் 7,651 நோயாளிகளைப் பார்த்ததில், பார்வையைப் பறிக்கக்கூடிய அளவுக்குப் பாதிப்பு உள்ளவர்களில் 91.4 சதவீதம் பேரை இயந்திரம் கண்டுகொண்டது. படத்தைப் பார்த்த விழித்திரை நிபுணர்கள் 84.8.

மற்றப் பயன்பாடுகளைப் பற்றி உள்ளே படிப்பீர்கள். முகத்தை அடையாளம் காணும் கருவிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2018-இல் ஜாய் புலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும், விற்பனையில் இருந்த மூன்று நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர்நிற ஆண்களிடம் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. பழக்கிய படங்களில் யார் இல்லையோ அவர்களை இயந்திரத்துக்குத் தெரியாது. நம் நிறமும் நம் முகமும் கொண்ட மக்களிடம் இப்படிப்பட்ட கருவியைக் கொண்டுவரும் எவரிடமும், எங்கள் மக்களிடம் சோதித்துப் பார்த்தீர்களா, பிழை எவ்வளவு, யாருக்கு என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்டாக வேண்டும்.

விழித்திரைக் கருவி வந்துவிட்டதே, இனி மருத்துவர் எதற்கு என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தீர்கள். படம் பார்க்கும் நேரம் மிச்சமாவது மருத்துவர் சிகிச்சை செய்வதற்காக. அனுப்பப்பட்டவர் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தால்தான் இந்த ஆராய்ச்சி முழுவதும் பயன் தரும். அந்த இடத்தில் கணினிக்கு வேலையில்லை. ‘கண்ணு நல்லாத்தானே தெரியுது’ என்று சொல்லும் அப்பாவை உட்கார வைத்துப் பேச வேண்டும். கூடப் போக ஒரு ஆள் வேண்டும். அறுவடை முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவதைத் தடுக்க வேண்டும். இமை நிழலைக் கண்டுபிடித்த அந்தப் பெண், அனுப்பியவர்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைத்து, வராதவர்களுக்குப் போன் போட்டுக் கூப்பிடுகிறார். “நாலு தடவை கூப்பிட்டா அஞ்சாவது தடவை வந்துருவாங்க சார்” என்றார். கண் மருத்துவத் துறைக்கு நிதி ஒதுக்குபவர்கள் கருவிக்கு ஒதுக்குவதைப் போலவே அந்தப் போன் அழைப்புக்கும் அதைச் செய்கிறவரின் சம்பளத்துக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் யார் யார் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது அவர்கள் விழித்திரையைப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தது கணக்கில் வராது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால், நோய் தெரிந்த உடனேயே முதல் பரிசோதனை. சிறு வயதில் வரும் முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள். பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. மருத்துவர் வேறு இடைவெளி சொன்னால் அதன்படி. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள பெண் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே பார்த்துவிட வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள், திரும்பி வரும்போது வண்டி ஓட்ட வேண்டாம். படத்தைப் பார்த்தது மருத்துவரா இயந்திரமா என்று தயங்காமல் கேளுங்கள். இயந்திரம் என்றால், சந்தேகம் வந்தால் அடுத்து யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள்.

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் ஒருவரையாவது அழைத்துப் போய்விடுங்கள். போய் வந்த அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். வாசகர் கடிதங்களில் அவற்றுக்கு முதலிடம் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்